பிரித்துப் பார்க்காத பொட்டலம்

செங்கமலத்தை எங்கள் பக்கத்தில் துபாய்க்காரி என்பார்கள். அவள் துபாயைப் பார்த்ததில்லை. திருச்சியையே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள், அதுவும் பெரியாஸ்பத்திரி வாசலை மட்டும். அவள் புருசன் மாயவன் அங்கே போனான், பேர் இவளுக்கு ஒட்டிக்கொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நான் தங்கராசு. லெப்பைக்குடிகாட்டில் மாவு மில் வைத்திருக்கிறேன். பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருக்கிற ஊர் இது. யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டுக்காரர் லீவில் வருகிறார், யார் வீட்டில் மாமியார் மருமகள் தனி அடுப்பு வைத்துவிட்டார்கள் என்பதையெல்லாம் அரைக்க வருகிற மிளகாயின் அளவை வைத்தே சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வத்தை ஒரே நாளில் மண்ணில் போட்டு மிதித்தது செங்கமலத்தின் இரண்டு கிலோ மசாலா.

அவள் ஊர் வெள்ளாற்றுக்கு இந்தப் பக்கம், எங்களுக்கு மூன்று கிலோமீட்டர். அவளுடைய ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். மாயவன் ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். எங்கள் ஊர் அப்துல் லத்தீப் பாய் துபாயில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். அவர் காதில் போட்டு, ஏஜெண்டைப் பிடித்து, இரண்டாயிரத்து மூன்றில் மாயவன் ஒரு கட்டடக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தான். அந்தத் தெருவிலிருந்து பிளேன் ஏறிய முதல் ஆள் அவன்தான்.

ஆறாம் மாசம் போட்டோ வந்தது. கடலுக்குள் பாய்மரம் போல நிற்கிற ஓட்டலுக்கு முன்னால், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மாயவன். இன்னொன்றில் ஒரு வெள்ளைக் காரில் சாய்ந்துகொண்டு நின்றான். செங்கமலம் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மில்லுக்கே கொண்டுவந்து காட்டினாள்.

"யாரு காரு?" என்றேன்.

"கம்பெனி காருண்ணே. கிரேன் ஓட்டுறவங்களுக்குத் தனி மரியாதையாம். தனி ரூமு, ஏசி. கடைக்குள்ளயே பனி மல கட்டப் போறாங்களாம்ணே, சறுக்கி வெளையாட. வெளிய வெயிலு கொளுத்துமாம், உள்ள ஐஸாம்."

"ம்" என்றேன். எரிச்சல்தான், ஒளிப்பானேன்? நான் இருபது வருசமாக மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டிருக்கிறேன். நேற்றுவரை கல் சுமந்தவன் கிரேன் ஓட்டுகிறான், பனியில் சறுக்கப் போகிறான். எனக்கு எரியாதா?

அதிலிருந்து மூன்று நான்கு மாசத்துக்கு ஒருமுறை அவள் மிளகாயும் மல்லியும் வறுத்து எடுத்துக்கொண்டு வருவாள். எங்கள் ஊரிலிருந்து யாராவது பிளேன் ஏறினால் அவர்கள் பெட்டியில் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்புவாள். முதலில் அரைக் கிலோவாக இருந்தது. பிறகு ஒன்று, பிறகு இரண்டு.

"என்னாத்தா இது, ஒத்த ஆம்பளைக்கு ரெண்டு கிலோவா? உம் புருசன் மசாலாவ சோறாத் திங்கிறானா?"

"கூட்டாளிங்களுக்கு விருந்து வைப்பாராம்ணே. அவரு கைப்பக்குவத்துக்கு அங்க அவ்ளோ பேராம்."

அவள் அதைச் சொல்லும்போது முகம் அப்படி மலரும். நானும் சிரித்துவிட்டு அரைத்துக் கொடுத்தேன். மிளகாய் அளவை வைத்து வீட்டு நடப்பைச் சொல்கிற மகாமேதை அங்கேதான் கோட்டை விட்டேன்.

எங்கள் ஊரில் பெட்டி கட்டுவது என்றால் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். ஒருத்தன் பிளேன் ஏறுகிறான் என்றால் தெருவே பொட்டலத்தோடு வரும். ஊறுகாய், கருவாடு, மருந்து, யார் வீட்டுக் குழந்தைக்கோ கயிறு மந்திரித்தது, எல்லாம் வரும். கூடத்தில் பாய் விரித்து ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்குள் வைப்பார்கள். கொடுத்தவர்களும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்த நாட்டுச் சட்டம் அப்படி. முக்கியமாகக் கசகசா. நமக்கு அது குருமாவுக்குப் போடுகிற சாமான். அவர்களுக்கு அது அபின் விதை. ஒரு சிட்டிகை அகப்பட்டாலும் ஜெயில்தான் என்று எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். துபாய்க்கு மசாலா அரைக்க வருகிற பெண்கள் என் மெஷினில் முதலில் ஒரு படி அரிசியைப் போட்டு ஓட்டச் சொல்வார்கள். முன்னால் அரைத்தவர்களுடைய கசகசா மிச்சம் ஒட்டியிருக்கக் கூடாதாம். அவ்வளவு கவனம். ஆனால் செங்கமலம் எங்கள் ஊர்க்காரி இல்லையே. அவளுக்கு யார் சொன்னார்கள்? நானும் சொல்லவில்லை. அவள் சாமானில் கசகசா இருந்ததே இல்லை, அதனால் சொல்லத் தோன்றவும் இல்லை.

இரண்டாயிரத்து ஆறு டிசம்பரில் லத்தீப் பாயின் மகன் அம்மார் முதல்முறையாகத் துபாய் கிளம்பினான். இருபத்திரண்டு வயசு, ஒற்றைப் பிள்ளை. அவனுடைய அம்மா நஃபீசாம்மா பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பெட்டி கட்டுகிற அன்று நானும் அங்கே இருந்தேன், அவர்கள் வீட்டு மசாலாவைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனவன். செங்கமலம் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். போன தடவை அவளுடைய பொட்டலம் ஓட்டையாகி, கொண்டுபோன ஆளின் வெள்ளைச் சட்டையெல்லாம் மஞ்சளாகி, அவர் போனிலேயே திட்டித் தீர்த்துவிட்டார். அந்த அவமானத்தில் இந்தத் தடவை இரண்டு மடிப்புத் துணியில் வைத்து, சுற்றிலும் பொடித் தையலாகத் தைத்திருந்தாள். அதன்மேல் அவள் மகள் கலையரசி கொட்டைக் கொட்டையாக எழுதியிருந்தாள்: மாயவன், துபாய். கீழே ஒரு போன் நம்பர்.

நஃபீசாம்மா கத்தரிக்கோலை எடுத்தார். செங்கமலத்தின் முகம் வாடிவிட்டது. ஒரு ராத்திரி உட்கார்ந்து தைத்த தையல். வாசலில் மெட்ராஸ் போகிற வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

என் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தான். "அட, அத எதுக்கும்மா பிரிக்கிறீங்க? எம் மில்லுல அரைச்சதுதான். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நான் பொறுப்பு."

நஃபீசாம்மா என்னைப் பார்த்தார். "நீங்க சொல்றீங்கன்னா சரிண்ணே" என்று கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு அம்மாரை ஏற்றிவிடக் கூடப்போன நஃபீசாம்மாவின் தம்பி தவ்ஹீத் மெட்ராஸிலிருந்து போன் பண்ணி, "பிளேன் ஏறிட்டான், நான் பஸ் புடிச்சு வந்துக்கிட்டிருக்கேன்" என்று சொன்னதாகக் கடைவீதியில் பேசிக்கொண்டார்கள். தவ்ஹீதிடம் செல் கிடையாது. பன்னிரண்டரை இருக்கும். செங்கமலம் கேழ்வரகு அரைக்க வந்தாள். நல்ல சந்தோசத்தில் இருந்தாள். தானாகவே பேசினாள்.

"இந்தத் தடவ அவருக்கு ஒரு அதிசயம் வச்சிருக்கேண்ணே. குருமாவுக்கு ருசி பத்தலன்னு போன வாரம் போன்ல சொன்னாரு. பெரம்பலூர் போயி கசகசா வாங்கியாந்து, பக்குவமா வறுத்து, மசாலாவுக்கு நடுவுல தனிப் பொட்டலமா வச்சுட்டேன். அவருகிட்டயே சொல்லல. பிரிச்சுப் பாத்து அசந்து போவட்டும்."

நான் பட்டையைத் தள்ளி மெஷினை நிறுத்தினேன். கேழ்வரகு பாதி அரைபட்டு நின்றது.

"எவ்ளோ வச்ச?"

"கால் கிலோ. ஏண்ணே?"

"அடிப் பாவி" என்றேன். பிறகு சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? பிரிக்க வேண்டாம் என்று சொன்னவன் நான். ஆனாலும் திட்டினேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். கண்டதையும் கத்தினேன். அவள் "அந்தப் புள்ளைக்கு என்னண்ணே ஆவும்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டரை மணிக்கு நம் கணக்கில் பிளேன் இறங்கும். இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. நஃபீசாம்மாவிடம் சொல்லாமல் முடியாது, அவர்கள் வீட்டில்தான் வெளிநாட்டுக்குப் பேசுகிற போன் இருந்தது. மூன்று தெரு தாண்டி ஓடினேன், செங்கமலமும் பின்னாலேயே ஓடிவந்தாள். வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லி முடித்தேன்.

நஃபீசாம்மா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நான் கத்தரிக்கோல எடுத்தேனேண்ணே" என்றார்.

லத்தீப் பாயின் செல்லுக்கு அடித்தோம். அணைந்து கிடந்தது. கடைக்கு அடித்தோம். மகனை அழைக்க ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டார், செல்லில் சார்ஜ் இல்லை என்றார்கள். மறுபடி அடித்தோம், மறுபடி அடித்தோம். நஃபீசாம்மா தலையில் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து துவா ஓத ஆரம்பித்தார். எங்கள் இருவர் பக்கமும் அவர் திரும்பவே இல்லை.

"அவருக்குப் போடுங்கண்ணே" என்றாள் செங்கமலம். "ஏர்போர்ட்டு பக்கந்தான்னு சொல்லியிருக்காரு. நம்பரு எனக்கு மனப்பாடம்." அந்த நம்பருக்கு அவள் ஒருநாளும் போட்டதில்லை. அவசரத்துக்கு மட்டும் என்று மாயவன் சொல்லி வைத்திருந்தானாம். எப்போதும் அவனேதான் கூப்பிடுவான்.

அவள் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். மன்னார்குடிப் பக்கத்துப் பேச்சில் ஒரு பையன் எடுத்தான்.

"மாயவன் இருக்காரா? கிரேன் ஓட்டுறவரு."

"கிரேனா? இங்க அப்புடி யாரும் இல்லையே. சமையக்கார மாயவண்ணனக் கேக்குறீங்களா?"

"ஊருலேர்ந்து பேசுறோம். ரொம்ப அவசரம். அவரு ஏர்போர்ட்டு வரைக்கும் போவணும்."

"ஏர்போர்ட்டுக்கா? என்ன சார் வெளையாடுறீங்களா? அவரு கம்பெனிய வுட்டுட்டு வந்து ரெண்டு வருசம் ஆவப் போவுது. மாசக்கணக்குல சம்பளம் தரல, பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரங்கிட்ட மாட்டிக்கிச்சு. இங்க தங்குறதுக்கான கார்டு கையில கெடையாது. இந்த ரூம்ல எங்க இருவத்தி ரெண்டு பேருக்கும் அவருதான் பொங்கிப் போடுறாரு. வெளிய தலையக் காட்டுனா போலீசு அள்ளிக்கிட்டுப் போயிடும். கறி வாங்கக்கூட நாங்கதான் போவோம்."

அந்த போனில் பேசினால் கூடம் முழுக்கக் கேட்கும். செங்கமலம் என் பக்கத்தில்தான் நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க எவ்வளவோ பார்த்தேன்.

"இருவத்தி ரெண்டு பேருக்கா" என்றாள். "அதான் ரெண்டு கிலோ பத்தலன்னாரா."

லத்தீப் பாய்க்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். அவர் கடைக்குப் போகிற மசாலாவை வாங்கிக்கொண்டு போக அந்த ரூம் பையன்கள்தானே வந்திருப்பார்கள். ஆனால் அங்கே இருப்பவன் அங்கே இருப்பவனை ஊரில் காட்டிக்கொடுக்க மாட்டான். போட்டோவுக்கு ஆளுக்கு ஒரு கண்ணாடியை இரவல் கொடுப்பான், வாயைத் திறக்க மாட்டான்.

மாயவன் போனுக்கு வந்தான். பின்னால் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது. நான் மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னேன். அவன் ஒன்று கேட்டான்.

"பொட்டலத்து மேல எம் பேரு எழுதியிருக்காண்ணே?"

"எழுதியிருக்கு. நம்பரும் இருக்கு."

"பிளேனு எத்தன மணிக்கு எறங்குது?"

சொன்னேன். "சரிண்ணே" என்று வைத்துவிட்டான். செங்கமலம் ரிசீவருக்குக் கையை நீட்டியபடி நின்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "பாத்தியா உம் புருசன? ஒரு புள்ள ஜெயிலுக்குப் போவப் போவுதுன்னா, எம் பேரு இருக்கா, எம் நம்பரு இருக்கான்னு கேக்குறான். இந்நேரம் ரூமக் காலி பண்ணிக்கிட்டு ஓடியிருப்பான். ஆம்பளையா அவன்? நாலு வருசமா ஊரையே ஏமாத்துனவன் வேற எப்புடி இருப்பான்?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். நஃபீசாம்மாதான் சுவரைப் பார்த்தபடியே, "போதும்ணே, அந்தப் புள்ளயப் பேசாதீங்க" என்றார்.

செங்கமலம் அழவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். மணி இரண்டரை ஆனது, மூன்று ஆனது. மூன்றரைக்கு போன் அடித்தது. நஃபீசாம்மா பாய்ந்து எடுத்தார். ஏதோ பேங்கிலிருந்து யாரையோ கேட்டார்கள், தப்பு நம்பர். அதை வைத்துவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் போய் உட்கார்ந்தார். யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாலு வருசம் உள்ளே போட்டுவிடுவார்களா, பத்து வருசமா என்று மனசுக்குள் ஓடுகிறது, வாய்விட்டுக் கேட்கத் தைரியம் இல்லை. ஆண்டிமடத்துப் பக்கம் யாரோ ஒருத்தன் இப்படித்தான் மாட்டினான் என்று எப்போதோ கேட்ட கதை வேறு ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. அவன் எப்போது திரும்பினான் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை.

நாலே காலுக்கு லத்தீப் பாய் ஏர்போர்ட்டு பூத்திலிருந்து பேசினார். நஃபீசாம்மா, "எம் புள்ள எங்கங்க?" என்று கேட்டார். அடுத்த நொடி "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே அழுதார். அம்மார் வந்துவிட்டான். பெட்டியை மெஷினில் விட்டு எடுத்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில்தான் நிற்கிறானாம்.

நான் தூணில் சாய்ந்தேன். செங்கமலம் இரண்டு கையையும் தலைக்கு மேலே எடுத்துக் கும்பிட்டாள். எந்தச் சாமியை என்று தெரியவில்லை.

ஆனால் லத்தீப் பாய் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நஃபீசாம்மாவின் அழுகை நின்றது. மெதுவாக ரிசீவரை என்னிடம் கொடுத்தார்.

"தங்கராசு, நான் அம்மாருக்காக வெளிய நின்னுக்கிட்டிருந்தேன். மாயவன் ஓடியாறான். கைலியோட வந்திருக்கான்ப்பா, கையெல்லாம் மாவு. என்னடான்னு நான் கேக்குறதுக்குள்ள வாசல்ல நின்ன போலீசுக்கிட்டப் போயிட்டான். உள்ள ஒரு பையன் வரான், அவன் பெட்டியில இருக்குற பொட்டலம் என்னுது, எம் பேரு எழுதியிருக்கு, அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு, தெரிஞ்ச இந்தியிலயும் கையாலயும் சொல்றான். அவங்களுக்குப் பாதி புரியல. கார்டு எங்கன்னு கேட்டாங்க. இல்லன்னான். அவ்ளோதான், வண்டியில ஏத்திட்டாங்க. ஏத்துற நேரத்துல அம்மார் பெட்டியத் தள்ளிக்கிட்டு வெளிய வரான். மாயவன் அதப் பாத்தான். பாத்துட்டு என்னப் பாத்து சிரிச்சான்ப்பா."

நான் சற்று முன்பு அந்த மனுசனைப் பற்றிப் பேசிய பேச்சு இன்னும் அந்தக் கூடத்திலேயே இருந்தது. நஃபீசாம்மா செங்கமலத்தைக் கட்டிக்கொண்டு, "எம் புள்ளயக் காப்பாத்த உம் புருசன் போயி நின்னாரேடி" என்று அழுதார். செங்கமலம் அப்போதுதான் அழுதாள். புருசனை நினைத்து நெஞ்சு வெடிக்க அழுதாள். ஆனால் அந்த அழுகையில் ஒரு பெருமையும் இருந்தது. நான் பார்த்தேன்.

ஆறு மணிக்குத் தவ்ஹீத் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தான். கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. அக்கா அழுவதையும் நாங்கள் இருவரும் நிற்பதையும் பார்த்துவிட்டுப் பையை மெதுவாகக் கதவுக்குப் பின்னால் வைக்கப் பார்த்தான். வைத்த வேகத்தில் பை சரிந்தது. உள்ளேயிருந்து ஒரு துணிப் பொட்டலம் உருண்டு வந்தது. சுற்றிலும் பொடித் தையல். மாயவன், துபாய்.

ஏர்போர்ட்டில் எடை ஐந்து கிலோ கூடியிருக்கிறது. அம்மார் வரிசையில் நிற்க, பெட்டியைப் பிரித்து மூன்று பொட்டலங்களை எடுத்துவிட்டுக் கட்டியிருக்கிறான் தவ்ஹீத். இப்படி எடுத்ததை யாரும் போனில் சொல்ல மாட்டார்கள். கொடுத்தவர்கள் காதில் விழுந்தால் மனஸ்தாபம். அடுத்து போகிற ஆளிடம் சத்தமில்லாமல் கொடுத்துவிடுவது ஊர் வழக்கம். எடை கூடினால் முதலில் யார் பொட்டலம் வெளியே வரும் என்பதும் ஊர் வழக்கம்தான். சொந்தக்காரர்கள் பொட்டலம் வராது.

"மன்னிச்சுக்கம்மா, எட கூடிப் போச்சு" என்றான் தவ்ஹீத். அவனுக்கு விஷயமே தெரியாது. பாவம், அதற்காகத்தான் அழுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

செங்கமலம் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தையல் ஒன்றும் பிரியவில்லை. அவள் அதைத் தடவிப் பார்த்தாள், மேலே எழுதியிருந்த பெயரைப் பார்த்தாள். பொழுது சாயும் நேரத்தில் எழுந்து, பொட்டலத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நான் டிவிஎஸ்ஸில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள்.

அதற்கப்புறம் மூன்று மாசம். எந்த ஜெயில், எத்தனை நாள், ஒன்றும் தெரியவில்லை. செங்கமலம் பெரம்பலூர் கலெக்டர் ஆபீசுக்கு நான்கு முறை நடந்தாள். நானும் கூடப் போனேன், மனு எழுதினேன். என் வீட்டில், "மில்ல மூடிட்டு அவ பின்னாடியே போயிடுங்க" என்று சண்டை போட்டார்கள். போடட்டும். அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காதே என்றது நான். அந்த போனைப் போட்டதும் நான். தவ்ஹீத் வரும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தால் மாயவன் இன்னும் இருபத்திரண்டு பேருக்கு சப்பாத்தி சுட்டுக்கொண்டிருப்பான். இதை ஒருநாள் பஸ்ஸில் செங்கமலத்திடம் சொல்லியே விட்டேன்.

"கசகசா வச்சது நான்தாண்ணே" என்றாள். "நம்பரு சொன்னதும் நான்தான். நீங்க ஒருத்தரே எல்லாத்தயும் தலையில தூக்கி வச்சுக்காதீங்க."

ஊர் சும்மா இருக்குமா? துபாய்க்காரி என்றவர்கள் துபாய்க்காரி என்றேதான் கூப்பிட்டார்கள், கூப்பிடுகிற தொனிதான் மாறியது. அந்தப் பாய்மர ஓட்டல் போட்டோவை அவள் சுவரிலிருந்து எடுத்துவிட்டாள் என்று கலையரசி சொன்னாள். செங்கமலம் மறுபடி நாற்று நடப் போனாள். நஃபீசாம்மா மாசாமாசம் அரிசி கொடுத்தனுப்பினார். முதலில் திருப்பி அனுப்பியவள், அப்புறம் பிள்ளைக்காக வாங்கிக்கொண்டாள்.

மார்ச்சில் மாயவனை விட்டார்கள். வேதனை என்னவென்றால், அதே வருசம் ஜூனில் அந்த நாட்டில் பொதுமன்னிப்பு என்று அறிவித்தார்கள். கார்டு இல்லாதவர்கள் தண்டனை இல்லாமல் ஊருக்குப் போகலாமாம். அன்றைக்கு அவன் அந்த ரூமை விட்டு வெளியே வராமல் இருந்திருந்தால் ஆறே மாசத்தில் தலை நிமிர்ந்து வந்திருப்பான். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தவுடன் கிழித்துப் போட்டேன்.

மார்ச்சில் அவன் வந்து இறங்கிய அன்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு நானும் செங்கமலமும் போயிருந்தோம். பெட்டி இல்லை. ஒரு பிளாஸ்டிக் பை, அதில் ஒரு சட்டை. ஆள் பாதியாகிவிட்டான், தலை நரைத்துவிட்டது. அவளைப் பார்த்தான். நாலு வருசத்துப் பொய் முழுக்க அவன் முகத்தில் நின்றது. அவள் காலைப் பார்த்தபடி, "கிரேனெல்லாம் இல்ல செங்கமலம்" என்றான்.

"தெரியும். சாப்டீங்களா?" என்றாள்.

டீக்கடையில் உட்கார்ந்ததும் அவன் முதலில் கேட்டது, "அம்மார் நல்லாருக்கானாண்ணே?"

"நல்லாருக்கான்" என்றேன். சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. மூன்று மாசமாக நெஞ்சில் கிடந்து அறுத்த விஷயம். "மாயவா, அந்தப் பொட்டலம்..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க போயி சொன்னதாலதான் அந்தப் புள்ளய வுட்டாங்களாம்" என்று செங்கமலம் குறுக்கே விழுந்தாள். "நஃபீசாக்கா உங்களப் பாக்கணும்னு தெனம் கேக்குறாங்க."

மாயவன் முகம் மாறியது. "நெனச்சேன். அவன் பெட்டியத் தள்ளிக்கிட்டு வரப்பயே நெனச்சேன். உள்ள கெடந்தப்ப தெனம் அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடப்பேன்" என்றான். டீயைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவன் கை கழுவப் போனபோது அவள் என் பக்கம் திரும்பினாள். அவ்வளவு கடுமையாக அவள் பேசி நான் கேட்டதில்லை. "அண்ணே, துபாய் போயி அவரு சம்பாரிச்சது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கிடாதீங்க. நஃபீசாக்காகிட்டயும் தவ்ஹீதுகிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கேன். அங்க பாய்கிட்டயும் அம்மாருகிட்டயும் அக்காவே சொல்லிட்டாங்க. நீங்களும் பண்ணுங்க."

டீக்கடை பெஞ்சிலேயே அவள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

பஸ்ஸில் அவனுக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தோம். குன்னம் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டான். கரண்டி பிடித்துக் காய்த்துப் போன கை.

"அண்ணே, அன்னிக்கி நீங்க மட்டும் போன் பண்ணலேன்னா அந்தப் புள்ள கதி என்னாயிருக்கும்? உங்கள உசிருள்ள வரைக்கும் மறக்க மாட்டேண்ணே."

செங்கமலம் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"ஆமாம்ப்பா" என்றேன்.